எலிப் பல்லில் எழுதிய தீவின் வரலாறு

2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவில், லியாங் புவா என்ற சுண்ணாம்புக்கல் குகையில், சுமார் ஆறு மீட்டர் ஆழத்தில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. நின்றால் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிக உயரம். மூளையின் அளவு நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. முதலில் ஏதோ குழந்தையின் எலும்பு என்றுதான் தோண்டியவர்கள் நினைத்தார்கள். பற்களைப் பார்த்ததும் அந்த எண்ணம் மாறியது. கடைவாய்ப் பற்கள் முழுவதும் முளைத்துத் தேய்ந்தும் இருந்தன. ஆக, இது வளர்ந்த ஒரு பெண்! 2004 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஹோமோ ஃப்ளோரெசியென்சிஸ் என்ற புதிய மனித இனமாக அவள் அறிவிக்கப்பட்டாள். 'ஹாபிட்' என்ற செல்லப் பெயரும் வந்தது. உலகமே பரபரப்பானது.

அந்தப் பரபரப்பில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அதே குகையில் கிடைத்த விலங்கு எலும்புகளில் சுமார் 80 சதவீதம் எலிகளுடையவை. ஹாபிட் எலும்புகளோ மிகச் சில. இந்தச் சின்ன மனிதர்கள் எந்த மாதிரி நிலத்தில் வாழ்ந்தார்கள், ஏன் காணாமல் போனார்கள் என்ற கேள்விக்கு உருப்படியான துப்பு கொடுத்தவை அந்த எலிகள்தான். ஆனால் துப்பு கிடைப்பதற்கு முன்னால் 'இது எந்த எலி?' என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வேலை தொடங்கி நூறு வருடங்களுக்கும் மேலாகிறது. அதன் கதைதான் இது.

எலிகளின் தீவு

ஃப்ளோரெஸ் தீவைச் சுற்றியுள்ள கடல் ஆழமானது. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியபோது ஜாவாவும் பாலியும் ஆசியாவோடு நிலத்தால் இணைந்தன. ஃப்ளோரெஸ் இணையவே இல்லை. அதனால் புலி, குரங்கு, மான் எதுவும் அங்கே நடந்து போக முடியவில்லை. நீந்தியோ மிதந்தோ போய்ச் சேர்ந்தவை மட்டுமே பிழைத்தன. யானையின் உறவான ஸ்டெகோடான் போனது, தீவில் குள்ளமானது. மனித இனம் ஒன்று எப்படியோ போய்ச் சேர்ந்தது, அதுவும் குள்ளமானது. எலிகள் போயின. அவற்றில் சில ராட்சதமாயின!

ஃப்ளோரெஸ் ராட்சத எலியின் உடல் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் நீளும், வால் தனி. நம்மூர்ப் பெருச்சாளி அதன் பக்கத்தில் நின்றால் சின்னப் பையன் போலத் தெரியும். வேறு பாலூட்டிகள் மிகக் குறைவான தீவில், மற்ற இடங்களில் அணிலும் முயலும் செய்யும் வேலையை எல்லாம் எலிகளே பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று மரத்தில் ஏறி இலை தின்றது. ஒன்று தரையில் வளை தோண்டியது. ஒன்று வறண்ட புல்வெளியில் வாழ்ந்தது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. யானை போன்ற பெரிய விலங்கு காடு, புல்வெளி இரண்டிலும் சுற்றும். அதன் எலும்பு கிடைத்தால் அந்த இடம் எப்படி இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எலி அப்படி இல்லை. பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. தனக்கேற்ற சூழல் மாறினால் அதன் எண்ணிக்கை உடனே குறையும். பழைய நிலத்தை அறிய எலியைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

இரண்டு பாதிரியார்கள், ஓர் அருங்காட்சியகம்

ராட்சத எலியை முதலில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது புதைபடிவம் அல்ல, உயிருள்ள எலிதான். ஃப்ளோரெஸில் பணியாற்றிய கத்தோலிக்கப் பாதிரியார் லெ காக் தார்மாண்ட்வில் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த யென்டிங்க் 1892-இல் அந்த எலிக்குப் பாதிரியாரின் பெயரையே சூட்டினார். இன்று அது பாப்பகோமிஸ் அர்மாண்ட்வில்லெய் என்று அழைக்கப்படுகிறது.

அறுபது வருடம் கழித்து இன்னொரு பாதிரியார் வந்தார். டச்சுக்காரரான தியோடோர் வெர்ஹோவன். லத்தீனும் கிரேக்கமும் படித்தவர். மடாலோகோ என்ற ஊரின் குருமடத்தில் ஆசிரியர். விடுமுறை கிடைத்தால் குகைகளைத் தேடிப் போய்விடுவார். 1950 வாக்கில் லியாங் புவா குகை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பறையாக இருந்தது. மங்கராய் மொழியில் அந்தப் பெயருக்குக் 'குளிர்ந்த குகை' என்று பொருள். அங்கே வெர்ஹோவன் 1965-இல் தோண்டினார். அதற்கு முன்பே, 1954-இல், லியாங் டோகே என்ற வேறொரு குகையில் தோண்டி மனித எலும்புக்கூட்டையும் ஏராளமான எலித் தாடைகளையும் எடுத்திருந்தார். அந்தப் படிவுகள் மூவாயிரம், நாலாயிரம் ஆண்டுப் பழையவை.

எலித் தாடைகள் கப்பல் ஏறி லெய்டன் போயின. அங்கே அவற்றை ஆராய்ந்தவர் டிர்க் ஹூயர். 1957-இல் மூன்று புதிய ராட்சத எலிகளை அவர் விவரித்தார். அதில் ஒன்று யாரும் உயிரோடு பார்த்திராத புதுப் பேரினம். குகை எலி என்ற பொருளில் அதற்கு ஸ்பீலியோமிஸ் ஃப்ளோரென்சிஸ் என்று பெயரிட்டார். இன்னொன்றுக்குப் பாதிரியாரைக் கௌரவிக்க பாப்பகோமிஸ் வெர்ஹோவனி என்று பெயர் வைத்தார்.

இருபத்து நான்கு வருடம் கழித்து, நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கை முஸ்ஸர் அதே எலும்புகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். எலிகளை வகைப்படுத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். 1981-இல் வந்த அவருடைய ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, ஹூயர் 'வெர்ஹோவனி' என்று பெயரிட்டது தனி இனமே அல்ல. ஏற்கெனவே தெரிந்த அர்மாண்ட்வில்லெய் எலிதான். இரண்டு, அந்தக் குவியலுக்குள் உண்மையிலேயே தனியான, சற்றுச் சிறிய ஓர் எலி இருக்கிறது; அதை இதுவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை!

பாவம், பாதிரியாரின் பெயர் போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். விலங்கியல் விதிப்படி ஒரு பேரினத்துக்குள் ஒரு முறை பயன்படுத்திய இனப்பெயரை வேறு விலங்குக்கு வைக்க முடியாது. முஸ்ஸர் அதற்கும் வழி கண்டார். முதற்பெயரையும் சேர்த்து பாப்பகோமிஸ் தியோடோர்வெர்ஹோவனி என்று புதிய எலிக்கு வைத்துவிட்டார்.

பல்லைப் பார்த்து ஆளைச் சொல்வது எப்படி?

சரி, ஒரு விரல் நுனியில் அடங்கும் தாடைத் துண்டை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்?

முதல் கேள்வி, இது கொறிவிலங்குதானா? கொறிவிலங்குக்குத் தாடையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரே ஒரு வெட்டுப்பல்தான். அது வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல் இருப்பதால் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, பல் உளி போலக் கூராகவே இருக்கும். கோரைப்பல் கிடையாது. வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி. இந்த இடைவெளி முக்கியம். மூஞ்சூறை நாம் எலிக் கூட்டத்தில் சேர்த்துப் பேசினாலும் அது பூச்சி தின்னும் வேறு கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் வாயில் கூரான பற்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக நிற்கும்.

இரண்டாவது, எந்தக் கொறிவிலங்கு? எலிக்கு ஒவ்வொரு பாதித் தாடையிலும் மூன்று கடைவாய்ப் பற்கள். மொத்தமே 16 பற்கள்தான். முள்ளம்பன்றியும் கொறிவிலங்குதான், ஆனால் அதற்கு அந்த இடத்தில் நான்கு பற்கள். ஃப்ளோரெஸில் இந்த வித்தியாசம் காலத்தையே காட்டும். முள்ளம்பன்றி அந்தத் தீவுக்கு மனிதர்கள் மூலம் பிற்காலத்தில்தான் வந்தது.

மூன்றாவது, எந்த எலி? இங்கேதான் உண்மையான வேலை. எலியின் மேல்தாடைக் கடைவாய்ப்பல்லை உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அவை குறுக்கே மூன்று மூன்றாக வரிசை கட்டி நிற்கும். நிபுணர்கள் இவற்றுக்கு டி1, டி2 என்று டி9 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். எந்த மேடு பெரியது, எது காணாமல் போயிருக்கிறது, எது பக்கத்து மேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த எலியின் கைரேகை. பல் விழுந்துவிட்டாலும் கவலை இல்லை. தாடையில் வேர் இருந்த குழிகளை எண்ணி, பல்லுக்கு எத்தனை வேர் என்று சொல்லிவிடலாம்.

பல்லின் அமைப்பு சாப்பாட்டையும் சொல்லும். ஸ்பீலியோமிஸின் அகன்ற, சிக்கலான மடிப்புகள் கொண்ட பற்களைப் பார்த்த முஸ்ஸர், இது இலை, மொட்டு தின்று மரத்தில் வாழ்ந்திருக்கும் என்று கணித்தார்.

ஆனால் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். வயதான எலியின் பல் தேய்ந்து மேடுகள் மறைந்துவிடும். இளம் ராட்சத எலியின் கால் எலும்பு, வளர்ந்த நடுத்தர எலியின் எலும்பு அளவே இருக்கும். அப்போது எலும்பின் முனை முழுவதும் ஒட்டி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டாமல் இருந்தால் இன்னும் வளர வேண்டிய குட்டி. ஹூயரும் முஸ்ஸரும் வேறுபட்டதும் இது போன்ற கேள்வியில்தான். ஓர் இனத்துக்குள்ளேயே பெரியதும் சிறியதும் எவ்வளவு தூரம் வேறுபடலாம்?

செத்துப்போன எலி உயிரோடு வந்தது

முஸ்ஸர் 1981-இல் லியாங் டோகே தாடைத் துண்டுகளிலிருந்து இன்னொரு புதிய எலியையும் விவரித்தார். ஃப்ளோரெசோமிஸ் நாசோ என்று பெயர். அந்தப் பேரினப் பெயர் மெக்சிகோவில் கிடைத்த வேறொரு புதைபடிவக் கொறிவிலங்குக்கு முன்பே வைக்கப்பட்டிருந்தது தெரிய வந்ததும், 1986-இல் பவுலாமிஸ் நாசோ என்று மாற்றினார்கள். குகைத் துண்டுகளால் மட்டுமே அறியப்பட்ட எலி அது. அற்றுப்போயிருக்கும் என்றே எண்ண வேண்டியிருந்தது.

1989-இல் ஃப்ளோரெஸின் ரானாக்கா மலைக் காட்டில் ஆய்வாளர்கள் ஓர் எலியைப் பிடித்தார்கள். எந்தப் பட்டியலிலும் அது பொருந்தவில்லை. கடைசியில் குகைத் தாடைகளோடு ஒப்பிட்டால்... பவுலாமிஸ்! 1991-இல் ஆஸ்திரேலியரான கிச்சனரும் சக ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள். அப்போதும் 'இது நாசோதான்' என்று அடித்துச் சொல்லாமல் 'நாசோவோடு ஒப்பிடத்தக்கது' என்றே எழுதினார்கள். பழைய துண்டுகள் அவ்வளவு சிறியவை. முழு விலங்கையும் கையில் வைத்திருந்தவர்களே இவ்வளவு கவனமாகப் பேசியது குறிப்பிட வேண்டிய விஷயம்.

ஒரு சில பற்களை வைத்து 'இப்படி ஒரு விலங்கு இருந்திருக்க வேண்டும்' என்று சொன்னது, எட்டு வருடத்தில் மலையில் ஓடிக்கொண்டிருந்தது. பல் பார்த்துச் சொல்லும் கலைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

குகைக்குள் கொண்டுவந்தது யார்?

எலிகள் தாமாகவே லட்சக்கணக்கில் குகைக்குள் வந்து சாகவில்லை. பெரும்பாலும் இது கூகை போன்ற இரவுப் பறவைகளின் வேலை. கூகை எலியை அப்படியே விழுங்கும். சதை செரிக்கும். எலும்பும் முடியும் உருண்டையாகத் திரண்டு வாய் வழியாக வெளியே வந்து விழும். குகைக் கூரையில் ஒரு கூகை சில வருடம் குடியிருந்தாலே கீழே எலும்பு மெத்தை உருவாகிவிடும்.

பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் ஆண்ட்ரூஸ் இங்கிலாந்தின் வெஸ்ட்பரி குகை எலும்புகளை ஆராய்ந்து 'ஆந்தைகள், குகைகள், புதைபடிவங்கள்' என்ற நூலை 1990-இல் வெளியிட்டார். எந்த வேட்டையாடி தின்றது என்பதைப் பல்லிலுள்ள செரிமான அரிப்பை வைத்தே சொல்லலாம் என்று அதில் காட்டினார். கூகையின் வயிற்றில் அமிலம் குறைவு, பல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பகலில் வேட்டையாடும் பருந்து இனங்களிலும், நரி போன்ற பாலூட்டிகளிலும் எனாமல் அரித்துப் போயிருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், குகையில் கிடைப்பது நிலத்தில் இருந்த எலிகளின் மக்கள்தொகைக் கணக்கு அல்ல, ஒரு வேட்டையாடியின் சாப்பாட்டுப் பட்டியல். நடுவில் வேட்டையாடி மாறியிருந்தால், காடே மாறிவிட்டது என்று நாம் தப்புக் கணக்குப் போட்டுவிடுவோம்.

பத்தாயிரம் எலும்புகள்

இப்போது லியாங் புவாவுக்குத் திரும்பலாம். 1978 முதல் 1989 வரை இந்தோனேசியத் தொல்லியலாளர் ஆர். பி. சூஜோனோ அங்கே தோண்டினார். 2001-இல் இந்தோனேசிய-ஆஸ்திரேலியக் கூட்டுக் குழு தொடர்ந்தது. ஆஸ்திரேலியத் தரப்பில் மைக் மோர்வுட். தோண்டிய மண் முழுவதும் இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசப்பட்டது. எலி எலும்புகள் சிதறாமல் கிடைத்தது இதனால்தான். பெரிய எலும்பை மட்டும் பொறுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

2004-இல் ஹாபிட் 18,000 ஆண்டுகளுக்கு முன் வரை வாழ்ந்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் நம் இனத்தோடு அந்தத் தீவில் பல ஆயிரம் வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 2016-இல் தாமஸ் சுதிக்னா, மேத்யூ டோச்செரி முதலானோர் இதைத் திருத்தினார்கள். பழைய மண் அடுக்கு ஒரு காலத்தில் அரித்துப்போய், அந்தப் பள்ளத்தில் புதிய மண் நிரம்பியிருந்தது. காலம் கணிக்கப்பட்ட கரி, பக்கத்திலிருந்த புதிய மண்ணைச் சேர்ந்தது! ஹாபிட் எலும்புகளின் உண்மையான வயது 1,00,000 முதல் 60,000 ஆண்டுகள். அவர்களுடைய கல்கருவிகள் 50,000 ஆண்டுகளுக்கு முன் வரை.

60,000-க்கும் 50,000-க்கும் நடுவில் என்ன ஆயிற்று? எலிகளைக் கேட்டார்கள். கிரேஸ் வீட்ச் தலைமையிலான குழு 2019-இல் ஆய்வை வெளியிட்டது. தாடைகள் மட்டும் போதாது என்று சுமார் பத்தாயிரம் எலி எலும்புகளை அளந்து, சிறியது முதல் ராட்சதம் வரை ஐந்து அளவு வகுப்புகளாகப் பிரித்தார்கள். கை கால் எலும்பை வைத்து இனத்தைச் சொல்வது கடினம், அளவைச் சொல்லலாம். ஃப்ளோரெஸ் எலிகளில் அளவும் வாழிடமும் ஓரளவு ஒத்துப்போவதால் அதுவே போதுமானதாக இருந்தது.

விடை தெளிவாக வந்தது. பழைய அடுக்குகளில் நடுத்தர அளவு எலிகள் அதிகம். அவற்றில் முக்கியமானது கொமோடோமிஸ் ரிஞ்சானஸ். இன்று ரிஞ்சா, படார் போன்ற வறண்ட சிறு தீவுகளில் திறந்த வெளியில் வாழும் எலி அது. அதாவது அந்தக் காலத்தில் குகையைச் சுற்றிப் புல்வெளி. சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் இவை திடீரெனக் குறைகின்றன. அடர்ந்த காட்டை விரும்பும் சிறிய எலிகள் பெருகுகின்றன. அதே சமயத்தில்தான் ஸ்டெகோடானும், அதன் பிணத்தைத் தின்ற கழுகும், ராட்சத நாரையும், ஹாபிட்டும் அந்த இடத்திலிருந்து மறைகிறார்கள். திறந்த வெளி சுருங்கியபோது மந்தை போயிற்று. மந்தையை நம்பியிருந்தவர்களும் போனார்கள். நம் இனத்தின் தடயம் அங்கே தெரிவது சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பு, கருவிக்கான கல் வகை திடீரென்று மாறும்போது.

'நாம் வந்தோம், அவர்களைக் கொன்றோம்' என்ற எளிய கதையை எலிகள் கொஞ்சம் சிக்கலாக்கிவிட்டன. வேறு குகைகளில், வேறு பள்ளத்தாக்குகளில் ஹாபிட்டுகள் இன்னும் சில காலம் பிழைத்திருக்கலாம். ஆனால் லியாங் புவாவில், நாம் கதவைத் தட்டும் முன்பே வீடு காலியாகத் தொடங்கியிருந்தது.

யானை போனது, எலி இருந்தது

இன்னொரு வேடிக்கை. யானையையும் ஹாபிட்டையும் கொண்டுபோன மாற்றம் ராட்சத எலிகளைக் கொண்டுபோகவில்லை. 2012-இல் வெளிவந்த லொகட்டெல்லி முதலானோரின் ஆய்வு, அவை பனியுகம் முடிந்த பிறகும் தீவில் இருந்ததைக் காட்டியது. ஸ்பீலியோமிஸும் வெர்ஹோவனின் எலியும் அதற்குப் பிறகுதான் மறைந்தன. விவசாயமும், மனிதர்கள் கொண்டுவந்த பன்றி, குரங்கு, புதிய எலிகள் எல்லாம் தீவில் பெருகிய காலம் அது. பெரிய அர்மாண்ட்வில்லெய் மட்டும் மலைக்காடுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வெர்ஹோவனைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டா மெங்கே என்ற இடத்தில் ஸ்டெகோடான் எலும்புகளோடு மிகப் பழைய கல்கருவிகள் இருப்பதாகவும் அவர் சொல்லியிருந்தார். பாதிரியார் தொல்லியல் படித்தவர் அல்ல என்று பலர் நம்பவில்லை. 1998-இல் மோர்வுட் குழு அந்த அடுக்குகளுக்கு 8 லட்சம் ஆண்டுகள் என்று காலம் கணித்தபோது வெர்ஹோவன் உயிரோடு இல்லை.

ஆனால் அவர் செய்த சரியான காரியம் ஒன்று இருக்கிறது. மனித எலும்புக்கூடு கிடைத்த குகையில் எலித் தாடைகளை அவர் தூக்கி எறியவில்லை. பெட்டியில் போட்டு, தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். ஹூயர் தவறவிட்டதை முஸ்ஸர் திருத்த முடிந்தது, முஸ்ஸர் சொன்ன எலியை மலையில் அடையாளம் காண முடிந்தது, எல்லாம் அந்தப் பெட்டிகள் பத்திரமாக இருந்ததால்தான். தங்கம் கிடைத்தால் யாரும் எடுத்து வைப்பார்கள். எலிப் பல்லை எடுத்து வைக்க வேறு மாதிரி மனசு வேண்டும்.